வணிக நோக்கில் விடப்படும் மூச்சு

"போன வருஷம் மொத்தமா எவ்வளவு புகை விட்டீங்க?"

"நான் பீடிகூடக் குடிக்கறதில்லீங்க சார்."

"உங்களைக் கேக்கலை. வண்டியைக் கேக்கறேன்."

"வண்டியும் குடிக்கறதில்லீங்க."

"தமாஷே பேடா அண்ணா, விளையாட்டு வேண்டாம், பின்னாடி ஜனம் நிக்குது. ஒன்பதாவது கட்டத்துல ஒரு நம்பர் எழுதணும். என்ன எழுத?"

"சைபர்னு எழுதிக்குங்க."

"சைபர் எழுதினா காலியா விட்டதா அர்த்தம். காலியா விட்டா விண்ணப்பம் வாபஸ். சைபரை விட்டுட்டு வேற எதையாவது சொல்லுங்க."

"இல்லாத புகைக்கு நானென்னங்க சார் சொல்லட்டும்?"

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன் உதயகுமார், குமாஸ்தா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். வீட்டில் சண்டை போடும்போதுகூட பாதி கன்னடத்தில்தான் போடுவான். வெளியே நின்றவன் செல்லக்கண்ணு. மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்து பதினேழு வருடமாகத் தேவராஜ மார்க்கெட்டில் மூன்று சக்கர சைக்கிள் வண்டி மிதிக்கிறான். வாழை இலை, தேங்காய், வெங்காயம் என்று எது இறங்கினாலும் ஏற்றிக்கொண்டு ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பான். மார்டள்ளியில் அவனுக்கு நிலம் இல்லை. மார்க்கெட் வாசல் ஒன்றுதான் இருந்தது.

இருவருக்கும் நடுவே இருந்தது, மண்டி மொஹல்லாவில் பழைய எண்ணெய்ச் செக்குக் கிடங்கு ஒன்றின் சுவரை உடைத்து வைத்த ஜன்னல். அதற்கு மேல், 'நகரக் கரிப்புகைச் சீர்திருத்த ஆணையம். ஒற்றைச் சாளரம்' என்று மூன்று மொழிகளில் பலகை தொங்கியது.

சீர்திருத்தத்துக்கு முன்னால் ஊரின் புகையை மூன்று அலுவலகங்கள் கவனித்து வந்தன. வண்டிப் புகைக்கு ஒன்று, ஆலைப் புகைக்கு ஒன்று, அடுப்புப் புகைக்கு ஒன்று. காற்றில் ஏறிய புகை தான் எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லாததால் மூன்றும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. தொண்ணூற்றேழில், கரியமில வாயுவால் உலகமே சூடாகிறது என்று எங்கோ தூர தேசத்தில் கூடிப் பேசினார்கள். அதன் விளைவாக வந்த நிதியைக் கொண்டு மூன்று அலுவலகங்களையும் இணைத்து ஓர் ஆணையம் அமைத்தார்கள். பழைய மூன்றும் இடைக்கால ஏற்பாடாக அப்படியே தொடர்ந்தன. ஆகவே மூன்று, நான்காயிற்று. நான்குக்கும் இடையே கோப்புகள் போய்வர நான்கு டீசல் ஜீப்புகள் வாங்கப்பட்டன.

ஆணையத்தின் முதல் உத்தரவு எளிமையானது. ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு வண்டியும் போன வருடத்தைவிட இருபது சதவீதம் குறைவாகப் புகைக்க வேண்டும். போன வருடக் கணக்கு இல்லாவிட்டால், முதல் பரிசோதனையில் வரும் எண்ணே அடிப்படை ஆண்டின் கணக்கு. குறைத்த வண்டிக்குப் பச்சை வில்லை கிடைக்கும். வில்லை இல்லாத வண்டி, தசரா முடிந்த மறுநாளிலிருந்து மார்க்கெட் வாசலுக்குள் நுழையக்கூடாது. வண்டி என்றால் என்னவென்று உத்தரவே விளக்கியது: சக்கரம் உள்ளது வண்டி.

செல்லக்கண்ணுவின் வண்டிக்கு மூன்று சக்கரம் இருந்தது.

"ஏன்டா, புகையே இல்லைன்னா சொன்னே?" என்று கேட்டாள் ராமக்காள். மார்க்கெட்டில் வாழை இலை விற்பவள். தினமும் காலையில் அவளுடைய கட்டுகளைத்தான் செல்லக்கண்ணு முதலில் ஏற்றுவான். "கவர்மெண்டு ஆபீசுக்குப் போயி எங்கிட்ட இல்லைன்னு சொல்றவனை எவன் மதிப்பான்? கொஞ்சம் இருக்குன்னு சொல்லியிருந்தா சேர் போட்டு உக்கார வச்சிருப்பானுங்க."

"பொய் எப்படிக்கா சொல்றது?"

"ஜடையனைக் கேளு, சொல்லித் தருவான்."

ஜடையன் டீசல் டெம்போ வைத்திருந்தான். அவனும் மார்டள்ளிக்காரன்தான். முதல் பரிசோதனைக்குப் போகும்போது டீசலில் பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் கலந்து, ஏர் ஃபில்டரில் பழந்துணியை அடைத்துக்கொண்டு போனான். ஆணையத்தின் வெள்ளைச் சுவர் ஒருபக்கம் கறுத்துவிட்டது. அடுத்த வாரம் துணியை எடுத்துவிட்டுப் போனான். அறுபத்திரண்டு சதவீதம் குறைந்திருந்தது. அவனுக்குப் பச்சை வில்லையோடு ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு டெம்போவின் முன்கண்ணாடியில் மாட்டியிருந்தான். அதனால் அவனுக்குப் பாதை பாதிதான் தெரிந்தது.

"உன்ற வண்டியில குறைக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று சிரித்தான் ஜடையன். "முதல்ல கெட்டுப்போகோணும் மாப்ள. அப்பத்தான் திருந்த முடியும்."

உதயகுமார் நல்லவன். கட்டம் காலியாக இருக்கிறதே என்று அவனுக்கே மனது கேட்கவில்லை. செல்லக்கண்ணுவை அளவைப் பிரிவுக்கு அனுப்பினான். இருநூறு கிலோ பாரத்தோடு மார்க்கெட்டிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. செல்லக்கண்ணு இருநூறு கிலோ வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு வந்தான். அளவை அதிகாரி டீ குடிக்கப் போயிருந்தார்.

இங்கேதான் செல்லக்கண்ணு ஒரு தவறு செய்தான். ஓர் அதிகாரிக்கு முன்னால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்தான். குழாயடியில் முகம் கழுவி, தலைத்துண்டால் துடைத்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை காத்திருந்தான். அதிகாரி வந்தபோது, கல்யாணத்துக்கு வந்த மாமன் மாதிரி அமைதியாக எழுந்து கும்பிட்டான்.

அதிகாரி வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கையில் வெளிநாட்டுக் கருவி ஒன்றின் ரப்பர்க் குழாய். அதை எங்கே நுழைப்பதென்று தெரியவில்லை.

"சைலன்சரை எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கே?"

"இல்லீங்க."

"அப்புறம் வண்டி எப்படி ஓடுது?"

"நான் மிதிக்கறனுங்க."

அதிகாரி நிமிர்ந்தார். பல மாதங்களாகத் தேடிய பொருள் சட்டைப் பையிலேயே இருந்ததைக் கண்டவரின் முகம் அவருக்கு.

"அப்போ நீதான் இன்ஜின்."

விண்ணப்பம் மளமளவென்று நிரம்பியது. எரிபொருள்: ராகி முத்தை (களி), கொள்ளுக் குழம்பு. சிலிண்டர்: இரண்டு நுரையீரல். உற்பத்தியான இடம்: மார்டள்ளி. உற்பத்தியான வருடம்: ரேஷன் கார்டின்படி அறுபது. புகைக்குழாய்கள்: வாய் ஒன்று, மூக்குத் துளை இரண்டு. வேறு குழாய்கள் உண்டா என்ற கேள்விக்கு அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே 'பொருந்தாது' என்று எழுதிக்கொண்டார். பிறகு ரப்பர்க் குழாயைச் செல்லக்கண்ணுவின் வாயில் வைத்து ஊதச் சொன்னார். செல்லக்கண்ணு மென்மையாக, வீட்டில் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல ஊதினான். முள் ஆடியது.

"கரியமில வாயு இருக்கு," என்றார் அதிகாரி. கிடைத்த எண்ணை எழுதி, பக்கத்தில் 'முழுப் பாரத்துடன்' என்று குறித்தார்.

ஜன்னலில் உதயகுமார் எழுந்து நின்று கைகுலுக்கினான். "கங்கிராட்ஸ் அண்ணா! உங்ககிட்டயும் இருக்கு!"

செல்லக்கண்ணுவுக்கும் ஏதோ பெருமையாகத்தான் இருந்தது. பதினேழு வருடத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் அவனிடம் எதுவும் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

"இனி என்னங்க பண்ணோணும்?"

"ஒண்ணுமில்லை. தசராவுக்குள்ள இருபது சதவீதம் கம்மி பண்ணிக் காட்டணும். அவ்வளவுதான்."

"எதைங்க?"

உதயகுமார் கோப்பைப் பார்த்தான். பிறகு செல்லக்கண்ணுவைப் பார்த்தான். பிறகு மறுபடி கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூச்சைத்தான் அண்ணா."

இதைக் கேட்டு ராமக்காள் இலைக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஊரெல்லாம் கறுப்புக் கறுப்பாக் கக்கிட்டுப் போறானுங்க, அவனுங்களை விட்டுட்டு உன்ற மூச்சை எண்றானுங்களா? நீ போயி பெரிய ஆபீசரைப் பாருடா. அவருக்கும் மூக்கு இருக்குமல்ல."

பெரிய ஆபீசர் சுப்பையா, ஆணையத்தின் தலைவர். அவரைத் தனியாகப் பார்க்க முடியாது. ஆனால் மூச்சை எப்படிக் குறைப்பது என்ற கேள்வி வந்துவிட்டது தெரிந்ததும் அவர் ஒரு முகாமே கூட்டிவிட்டார். அதற்கு 'மூச்சுச் சிக்கனப் பயிற்சி முகாம்' என்று பெயர். தள்ளுவண்டிக்காரர்கள், சைக்கிள் வண்டிக்காரர்கள், மூட்டைக்கு அடியில் சின்னச் சக்கரம் வைத்து இழுப்பவர்கள் என்று நாற்பது பேரை வரவழைத்துத் தரையில் உட்கார வைத்தார்கள். அதிகாரிகள் பதினொரு கார்களில் வந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடியது. அதன் புகை காற்றின் போக்கில் கூட்டத்துக்குள் வந்தது; முன்வரிசையில் இருமியவர்களின் பெயர்களை ஒருவர் குறித்துக்கொண்டார். இருமல் கணக்கில் சேருமா என்பது அப்போது முடிவாகவில்லை.

சுப்பையா நிதானமாகப் பேசினார்.

"மூச்சு விடுவது குடிமக்களின் அடிப்படை உரிமை. ஆணையத்துக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை. நீங்கள் வீட்டில் விடுங்கள். கோயிலில் விடுங்கள். ஆனால் வணிக நோக்கில் விடப்படும் மூச்சு வேறு. அதில் லாபம் இருக்கிறது. லாபம் இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்க வேண்டும்."

அதிகாரிகள் கை தட்டினார்கள். தரையில் இருந்தவர்கள் தட்டலாமா, தட்டினால் மூச்சு வாங்குமா என்று யோசித்தார்கள்.

"பெரிய ஆலைகளை ஏன் அளக்கவில்லை என்று சிலர் பத்திரிகைக்கு எழுதுகிறார்கள். ஆலையின் புகைபோக்கி நூறடி உயரம். எங்கள் கருவியின் குழாய் நான்கடி. சட்டத்தைக் கைக்கு எட்டுகிற இடத்தில்தானே அமல்படுத்த முடியும்? நான்கடிக்குள் யார் யார் இருக்கிறார்களோ அவர்களிடமிருந்து தொடங்குகிறோம். என் காரைப் பற்றியும் பேசுகிறார்கள். அது நிற்கும்போதும் இன்ஜினை அணைப்பதில்லை, உண்மை. அணைத்தால் ஏசி நிற்கும். ஏசி நின்றால் எனக்குக் கோபம் வரும். கோபத்தில் எடுக்கிற முடிவு மக்களைத்தான் பாதிக்கும். ஆகவே மக்களுக்காகத்தான் அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது."

வெளியே அந்தக் கார் ஓடிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் கேட்டது.

செல்லக்கண்ணு எழுந்தான். "சார், ஒரு சந்தேகமுங்க."

"சுருக்கமாகக் கேளுங்கள். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்."

"நான் மொதல்ல ஊதினது உக்காந்து எந்திரிச்சு ஊதினதுங்க. பாரம் இழுத்துட்டு வந்து ஊதினதில்லீங்க. அதைவிடக் கம்மியா, பாரத்தோட, எப்படிங்க சார்?"

மேடையில் சிறு சலசலப்பு. அளவை அதிகாரி கோப்பைக் காட்டினார். அதில் 'முழுப் பாரத்துடன்' என்றுதான் இருந்தது.

"கோப்பில் அப்படி இல்லையே," என்றார் சுப்பையா, வருத்தத்தோடு.

"அப்ப மறுபடி ஒருக்கா ஊதிக்காட்டட்டுங்களா? நல்லா ஓடிட்டு வந்து ஊதறனுங்க."

"அடிப்படை ஆண்டு என்பது ஒரு தடவைதான் வரும். அதை மாற்ற ஆரம்பித்தால் உலகக் கணக்கே மாறிவிடும். ஒரு மனிதர் நேர்மையாக இருந்துவிட்டார் என்பதற்காக உலகக் கணக்கை மாற்ற முடியுமா?"

முகாம் முடிந்து ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். வழவழப்பான தாள். ஏற்றத்தில் மூச்சு வாங்காதீர்கள், இறக்கம் வரும்வரை பொறுங்கள் என்றது முதல் பக்கம். தெரிந்தவர்களைக் கண்டால் தலையை மட்டும் அசையுங்கள் என்றது இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் சுப்பையா ஒரு பூங்காவில் நின்று ஆழமாக மூச்சை இழுக்கும் படம் இருந்தது.

செல்லக்கண்ணு பயிற்சியை ஆரம்பித்தான். சின்ன கடியாரக் கோபுரத்தடியில் இழுத்த மூச்சை மார்க்கெட்டின் மறுமுனையில், கே.ஆர். சர்க்கிளில் விட்டான். 'வழி, வழி' என்று கத்துவதை நிறுத்தினான். அதனால் ஒரு நாள் வண்டி மல்லிகைக் கூடை ஒன்றின் மேல் ஏற, பூக்காரி திட்டினாள். அவன் பதிலுக்கு எதுவும் சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது அவளை இன்னும் கோபப்படுத்தியது. வீட்டிலும் பேச்சைக் குறைத்தான். மனைவி காவேரி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாரு அவ?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நிறைய மூச்சு செலவானது.

வாரத்துக்கொரு முறை பாரத்தோடு ஜன்னலுக்குப் போய் ஊதினான். முதல் வாரம், அடிப்படையைவிட முப்பது சதவீதம் அதிகம். இரண்டாம் வாரம், பதினெட்டு அதிகம். மூன்றாம் வாரம் சமமாக வந்தது. அன்று வண்டியைவிட்டு இறங்கியதும் கண் இருட்டி, வெங்காய மூட்டையின் மேல் சாய்ந்து கிடந்தான். உதயகுமார் ஜன்னல் வழியாகத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"அண்ணா, வேற ஒரு வழி இருக்கு. விதி பதினாலு. இன்ஜினை மாத்திக்கலாம்."

"அப்படின்னா?"

"வண்டி உங்களுது. மிதிக்கறது வேற ஆள். சின்ன வயசா, சின்ன நெஞ்சா."

"அப்ப நானுங்க?"

உதயகுமார் விதியைத் திரும்பப் படித்தான். "கழட்டின இன்ஜினை வராண்டாவில போடக்கூடாதுன்னு மட்டும்தான் இருக்கு."

செல்லக்கண்ணு வேண்டாம் என்று தலையை அசைத்தான். கையேட்டின்படி.

கடைசிப் பரிசோதனை தசராவுக்கு முந்தின வாரம், மார்க்கெட் வாசலிலேயே நடந்தது. நிதி கொடுத்தவர்கள் பெங்களூரிலிருந்து பார்க்க வருவதால் ஆணையம் அதை விழாவாக மாற்றியிருந்தது. வாசலை மறித்து மேடை. மேடைக்கு மின்சாரம் தர இரண்டு ஜெனரேட்டர். விருந்தினர் கார்கள் நிற்பதற்காக டவுன் பஸ்களை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள்; அவை ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து, திரும்பும் இடம் தெரியாமல் இன்னொரு முறை சுற்றின. ஜடையனின் டெம்போவை மாலை போட்டு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். அறுபத்திரண்டு சதவீதம் குறைந்த புகை எப்படி இருக்கும் என்று விருந்தினர்கள் பார்க்க வேண்டுமல்லவா? பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

செல்லக்கண்ணுவுக்கு இந்த முறை குழாய் இல்லை. முகமூடி. காதுக்குப் பின்னால் வாரால் இறுக்கிக் கட்டி, அதிலிருந்து போன குழாயை வண்டியின் கைப்பிடியில் பொருத்திய பெட்டியோடு இணைத்திருந்தார்கள். பெட்டியில் ஒரு முள், ஒரு சிவப்புக் கோடு. சின்ன கடியாரத்திலிருந்து வாசல்வரை இருநூறு கிலோவோடு வரவேண்டும். வழியில் விடும் மூச்செல்லாம் பெட்டிக்குள் சேரும். வாசலைத் தொடுவதற்குள் முள் கோட்டைத் தாண்டினால் வில்லை இல்லை.

"அண்ணா, நான் பக்கத்துலயே ஓடி வரேன்," என்றான் உதயகுமார். "முள்ளை நான் பாத்துக்கறேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

வண்டி கிளம்பியது. முதல் ஐம்பதடியை செல்லக்கண்ணு ஒரே மூச்சில் கடந்தான். கூட்டம் விலகி நின்று பார்த்தது. ஒலிபெருக்கியில் சுப்பையாவின் குரல் வந்துகொண்டிருந்தது. "இந்த மனிதரைப் பாருங்கள். நேற்றுவரை கணக்கில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர். யாரும் இவரைக் கேட்கவில்லை. பழைய அலுவலகங்கள் மூன்றும் இவர் இருப்பதையே அறியவில்லை. இன்று இவருடைய ஒவ்வொரு மூச்சும் நம்மிடம் இருக்கிறது. இதைத்தான் சீர்திருத்தம் என்கிறோம்."

பாதி வழியில் கழுத்து நரம்பு புடைத்தது. முக்கால் வழியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாசலுக்கு முன்னால் இருபதடி ஏற்றம். மூட்டை தூக்குபவர்களுக்கு மட்டுமே தெரியும் ஏற்றம் அது. நடந்து போகிறவர்களுக்கு அது சமதரை. அங்கே வந்ததும் சக்கரம் நின்றது. செல்லக்கண்ணு இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சால் தாங்கி நிறுத்தினான்.

உதயகுமார் பெட்டியின் மேல் குனிந்தான். "அண்ணா, நின்னுடாதீங்க. இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை பேசற அளவு. பேசாதீங்க. அதை வச்சு அப்படியே தள்ளிடுங்க."

"விடுறா மூச்சை!" என்று இலைக்கட்டுகளுக்கு நடுவிலிருந்து ராமக்காள் கத்தினாள். "செத்துப் போயிருவே! வில்லையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! விடுறா!"

செல்லக்கண்ணு வாசலைப் பார்த்தான். பதினேழு வருடமாக ஒரு நாளில் முப்பது தடவை நுழைந்த வாசல். மேடை அதில் பாதியை மறைத்திருந்தது. மேடையில் சுப்பையா பச்சை வில்லையை இரண்டு விரல்களால் பிடித்து விருந்தினர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வெயிலில் பளபளத்தது. ஜடையனின் டெம்போ ஒரு முறை செரும, புகை மேடையைச் சுற்றிக் கறுப்பாகப் படர்ந்தது; அதற்குள்ளிருந்து சுப்பையாவின் குரல் மட்டும் வந்தது. "...இவருடைய முயற்சியால் இந்த நகரம் இன்று..."

செல்லக்கண்ணுவின் முகம் முகமூடிக்கு மேலே கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணில் நீர் நின்றது. வண்டி அரையடி பின்னால் சரிந்தது. தோள் கொடுத்து நிறுத்தினான். உதயகுமார் தள்ளுவதற்குக் கையை நீட்டினான். அளவை அதிகாரி தூரத்திலிருந்தே விரலை ஆட்டினார்: வெளி இன்ஜின் கூடாது. நீட்டிய கை காற்றிலேயே நின்றது.

மிச்சமிருந்த மூச்சு ஒன்றுதான். அதை வைத்துத் தள்ளலாம், அல்லது கேட்கலாம். பெரிய அதிகாரியைக் கேட்காமல் எதுவும் செய்து பழக்கமில்லாத மனிதன், மேடையைப் பார்த்து, முகமூடிக்குள்ளிருந்து கேட்டான்:

"சார், ஒரே ஒருக்கா மூச்சு விட்டுக்கட்டுங்களா?"